அநாதைகளை உருவாக்கும் கருணை

"என் வீடு" என்னும் தலைப்பில் கட்டுரை ஒன்று எழுதுமாறு ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு அண்மையிற் கூறியிருந்தேன். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கொடுக்கின்ற, பெரிதும் சிந்தியாமலே கொடுக்கின்ற தலைப்பு அது. கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எந்த வீட்டைப் பற்றி எழுதுறது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் சிறுவர் இல்லம் ஒன்றிலிருந்து பாடசாலைக்கு வருபவன். அவனுடைய தாய் உயிருடன் இருக்கிறாள். வெங்காயத் தோட்டங்களிலே நாட்கூலிக்கு வேலை செய்கிறாள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்று பல ஆண்டுகளாகின்றன. தங்கை ஒருத்தி உண்டு. ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தில் அவளுக்கு இடமில்லையாதலால் அவள் வேறோர் ஊரிலே வேறோர் இல்லத்தில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை தாய் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள். ஒரு மாதம் மகனை, மறு மாதம் மகளை. இருவரையும் ஒரே மாதத்திற் பார்ப்பதானால் இரண்டு நாட்கூலியை இழக்கவேண்டும். இரண்டு பயணத்துக்குப் பஸ் காசும் வேண்டும். அவன் எழுதித் தந்த கட்டுரையில் இல்லத்தைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. தாயின் ஓலைக் கொட்டிலைப் பற்றி, மழைக்காலத்தில் எந்த மூலை ஒழுகும், எந்த மூலையில் தங்கையின் பாயை இழுத்துப் போடவேண்டும் என்பது உட்பட, இரண்டு பக்கங்கள் இருந்தன.

இவனைத்தான் நமது சமுதாயம் அநாதை என்று அழைக்கிறது. இவனுக்குத்தான் நாம் கருணை காட்டுகிறோம்.

இக்கருணை எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒருவருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள். இன்னொருவருடைய தகப்பனாருக்கு ஆண்டுத் திவசம். கடல் கடந்து வாழும் ஒருவருக்குத் திருமணநாள். இல்லத்துக்குப் பணம் வருகிறது. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவருக்காகப் பாட்டுப் பாடுகிறார்கள் அல்லது தேவாரம் ஓதுகிறார்கள். படம் எடுக்கப்படுகிறது. அதன் பின்னரே சோறு. வாசலில் உபயகாரரின் பெயர் பொறித்த கல். மண்டபத்தில் அவருடைய பெற்றோரின் உருவப்படம். கொடுப்பவரின் பெற்றோரை நினைவுகூர அங்கே சுவர் உண்டு. பெறுபவனின் தாயை அமரச் செய்ய ஒரு கதிரை இல்லை. அவள் மாமர நிழலிலே நின்று மகனுடன் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகிறாள்.

இதனைக் கூறும்போது, இல்லங்களிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட நன்மக்களை நான் இழித்துரைப்பதாக எவரும் எண்ணுதல் வேண்டாம். 2009இல் முடிவுற்ற நீண்ட போரின்போது, ஊர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இல்லங்கள் பல உயிர்களைக் காத்தன. இன்றும் துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு உடனடியாக ஓர் அடைக்கலம் தேவைப்படுகிறது. அங்கே பணிபுரியும் பெண்களுட் பலர் சொற்ப வேதனத்துக்காக இரவும் பகலும் உழைப்பவர்கள். நான் சாடுவது அவர்களையல்ல. இடருக்காக ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டை வறுமைக்குரிய நிரந்தர மருந்தாக மாற்றிய சிந்தனையை.

அநாதை இல்லம் என்ற சொல்லே ஒரு பொய்யை மறைத்து நிற்கிறது. உலகெங்கும் இத்தகைய இல்லங்களிலுள்ள பிள்ளைகளுள் ஐவருக்கு நால்வரேனும் தாயையோ தந்தையையோ, அல்லது இருவரையுமோ உயிருடன் கொண்டவர்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' நிறுவனம் 2009இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. நமது நாடும் இதற்கு விலக்கன்று. எனது வகுப்புகளிலே இல்லங்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். பெற்றோர் இருவரையும் இழந்தவர் மிகச் சிலர். ஏனையோரை இல்லத்துக்கு அனுப்பியது மரணமன்று. அரிசி விலை, வீட்டு வாடகை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாயின் வேலைநேரம், குடி, கைவிடப்படுதல், வெளிநாட்டு வேலை. இவை விதியின் செயல்கள் அல்ல. சமுதாய அமைப்பின் விளைவுகள்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஒரு பிள்ளைக்கு உணவும் உடையும் படுக்கையும் இல்லத்திற் கொடுப்பதற்குப் பணம் இருக்குமாயின், அதே உணவையும் உடையையும் தாயின் வீட்டிற் கொடுப்பதற்கு அப்பணம் ஏன் இல்லாமற் போகிறது? கட்டடம், காவலாளி, சமையலாள், நிருவாகி, மின்சாரம் ஆகிய யாவற்றையும் தாங்கி நடத்தப்படும் நிலையப் பராமரிப்பு, குடும்பத்துக்குத் துணைநிற்பதிலும் செலவு மிக்கது என்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே, இது பணத்தின் தட்டுப்பாடு அன்று. வறிய தாயின் கையிற் பணம் கொடுத்தால் அவள் வீணாக்குவாள் என்னும் எண்ணம். அவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்தால்தான் அவன் திருந்துவான் என்னும் எண்ணம். மேற்றட்டார் கீழ்த்தட்டாரைப் பற்றிக் கொண்டுள்ள பழைய அவமதிப்பே இன்று கருணை வேடம் தரித்து வருகிறது. கொட்டிலுக்கு அனுப்பும் பணத்துக்குப் பெயர்க்கல் கிடையாது என்பதும் உண்மையே.

அரசு என்ன செய்கிறது? சட்டங்களுக்குக் குறைவில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில், அவர் உறவினராயினும் பிறராயினும், ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அஃதாவது, வளர்ப்புக் குடும்பம் என்ற கருத்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நமது சட்டப் புத்தகத்திலே உறங்கிக் கிடக்கிறது. 1941இல் அநாதை இல்லங்களுக்கென ஒரு கட்டளைச் சட்டமும் சுவீகாரத்துக்கென ஒரு கட்டளைச் சட்டமும் வந்தன. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அமைந்தது. 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது. 1998ஆம் ஆண்டின் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையைத் தந்தது. 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள், வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தல் கூடாது என்றன. தக்க காரணமின்றிச் சகோதரரைப் பிரித்தல் கூடாது என்றன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குடும்பச் சூழலே வேண்டும் என்றன. 2019இல் நமது நாடும் மாற்றுப் பராமரிப்புக்கென ஒரு தேசியக் கொள்கையை வகுத்துக்கொண்டது. காகிதத்தில் எல்லாம் உண்டு. என் மாணவனின் தங்கை மட்டும் இன்னும் வேறு ஊரில் இருக்கிறாள்.

அரசின் மனப்போக்கை அறிய ஓர் உதாரணம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதை 2013இல் அரசு கட்டுப்படுத்திற்று. பிள்ளையின் நலனே காரணம் என்று கூறப்பட்டது. உள்ளூரில் அத்தாய்க்கு வேலை கொடுக்கப்பட்டதா, குழந்தைக் காப்பகம் திறக்கப்பட்டதா என்பதை எவரும் கேட்கவில்லை. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாது திண்டாடியபோது அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் என்பது டொலர் கையிருப்பைப் பொறுத்து ஏறி இறங்கும் ஒரு பண்டமாயிற்று. தாய் போனபின் பிள்ளையை வளர்ப்பவள் அம்மம்மா. முழங்கால் வலியுடன் மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அவளை எந்தத் திணைக்களமும் வளர்ப்புத் தாயாகக் கணக்கிடுவதில்லை. அவள் செய்வது சேவையன்று, கடமை; கடமைக்குக் கூலியில்லை என்பது நமது நாட்டில் பெண்களுக்கென்றே விதிக்கப்பட்ட நியாயம்.

எனினும், மனமிருந்தால் வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கரையோரத்தை அழித்தபின், பெற்றோரை இழந்த பிள்ளைகளுட் பெரும்பாலோரை உறவினர்களே ஏற்றுக்கொண்டனர். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அப்பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்புக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. கடல் கொண்டுபோன தாய்க்காகச் சட்டம் இயற்ற முடிந்த நாட்டில், கடன் கொண்டுபோன தாய்க்காக ஏன் செயற்பட முடியவில்லை?

இனி, நமது பக்கத்திலிருந்தே எழும் மறுப்புகளை நோக்குவோம்.

முதலாவது மறுப்பை முற்போக்கு நண்பர்களே கூறுவதுண்டு. குடும்பம் என்பது பழைமையின் கோட்டை. பிள்ளையைச் சமுதாயமே பொதுவில் வளர்க்கவேண்டும். நல்ல அரசு இல்லங்கள் வந்தால் எல்லாம் தீரும் என்பர். மக்கரெங்கோவை உதாரணங் காட்டுவர். உள்நாட்டுப் போரினால் தெருவிலே விடப்பட்ட சிறுவரைக் கொண்டு 1920இல் பொல்தாவாவுக்கு அருகே அவர் அமைத்த குடியிருப்பு ஒரு மகத்தான முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால், வரலாற்றை முழுமையாகப் படித்தல் வேண்டும். 1918ஆம் ஆண்டின் சோவியத் குடும்பச் சட்டம் சுவீகாரத்தைத் தடைசெய்தது. விவசாயிகள் பிள்ளைகளை எடுத்து வளர்ப்பதாகக் கூறிக் கூலியில்லா வேலையாட்களாக்கிவிடுவர் என்ற நியாயமான அச்சம் அதற்கொரு காரணம். ஆயினும், பெருகிய பிள்ளைகளை இல்லங்கள் தாங்கவில்லை. 1926இல் அத்தடை நீக்கப்பட்டது. மக்களைக் கொண்டே மக்களின் பிள்ளைகளை வளர்க்கவேண்டியதாயிற்று.

இன்னொரு பாடம் கசப்பானது. ருமேனியாவிலே சோசலிசத்தின் பெயரால் ஆண்ட சௌசெஸ்கு, 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து மக்கட்பெருக்கத்தைக் கட்டாயமாக்கினான். வறுமையால் வளர்க்க இயலாத பிள்ளைகளை அரசு இல்லங்களிலே குவித்தான். 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே இருந்தனர். அத்தகைய இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை 2000ஆம் ஆண்டு தொடக்கம் நெல்சன், பொக்ஸ், சீனா ஆகிய மூன்று அறிஞர்கள் புக்கரெஸ்ற் நகரில் ஆராய்ந்தனர். ஒரு பாதியினர் பயிற்சியும் உதவித்தொகையும் பெற்ற வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். மறுபாதியினர் வழமைபோல இல்லப் பராமரிப்பில் தொடர்ந்தனர். குடும்பங்களுக்குச் சென்றோர் அறிவிலும் பேச்சிலும் பிறருடன் பிணைப்புக் கொள்வதிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன் சென்றவர்கள் மிகவும் முன்னேறினர். இல்லத்திற் சோறு இல்லாமலில்லை. ஒரு குழந்தை அழும்போது, அது தன் குழந்தை என்று ஓடிவர ஒருவர் இல்லை, அதுவே குறை. நம்மவர் செய்த தவறு என்பதற்காக இதனை நாம் மறைப்போமாயின், பிறருடைய தவற்றைச் சுட்ட நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது மறுப்பு, வளர்ப்புக் குடும்பங்கள் பிள்ளையை வேலைக்காரனாக்கிவிடும் என்பது. இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற சொற்றொடரின் மறைவில், மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட எத்தனை சிறுமியர் நகரத்து வீடுகளிலே விடியுமுன் எழுந்து, எல்லோரும் உண்டபின் உண்டு, குசினித் தரையிற் படுத்தனர்! 2021இல் கொழும்பிலே அரசியல்வாதி ஒருவரின் வீட்டிற் பணிபுரிந்த மலையகச் சிறுமி தீக்காயங்களால் இறந்தபோது நாடு சிறிது நேரம் விழித்தது. இங்கிலாந்திலே, வளர்ப்புக்கென ஒரு பண்ணைக் குடும்பத்திடம் விடப்பட்ட டெனிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன் 1945 ஜனவரியில் பட்டினியும் அடியும் பட்டு இறந்தான். ஆனால், அங்கே விளைந்தது என்ன? விசாரணை நடந்தது, 1946இல் கேர்ட்டிஸ் குழு அறிக்கை தந்தது, 1948இல் சிறுவர் சட்டம் வந்தது, ஒவ்வோர் உள்ளூராட்சிப் பகுதியிலும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டார். வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாட்டை அவர்கள் கைவிடவில்லை. கண்காணிப்பற்ற வளர்ப்பைத்தான் கைவிட முனைந்தனர். கண்காணிப்பு இல்லையெனில் வீடும் ஆபத்து, இல்லமும் ஆபத்து. வீட்டிலே நிகழும் கொடுமை நம் கண்ணிற் படுகிறது. உயர்ந்த மதிலுக்குப் பின்னால் நிகழ்வது படுவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

மூன்றாவது மறுப்பை எவரும் உரக்கக் கூறுவதில்லை. ஆனால், அதுவே ஆழமானது. "என்ன சாதியோ, யார் பெற்றதோ?" என்பதே அது.

மணிமேகலையிலே வரும் ஆபுத்திரன் கதையைப் பாடமாகப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் இதனை எண்ணுவதுண்டு. சாலி என்பவள் பெற்றுக் கைவிட்ட குழந்தையைப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். வேள்வியிற் கொல்லப்படவிருந்த பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது ஊரார் அவனை அடிக்கின்றனர். அவன் நியாயத்துக்கு விடை கூற இயலாதபோது, அவனுடைய பிறப்பை இழுத்து வைத்து இகழ்கின்றனர். வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகிறான். வாதத்திலே தோற்றவர்கள் பிறப்பைக் கேட்டு வென்ற கதை அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாம் அவ்வூராரின் வழித்தோன்றல்களாகவே இருக்கிறோம்.

1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையை எடுத்துக்கொள்வோம். பிள்ளை எடுத்து வளர்ப்போர் மஞ்சள் நீர் பருகும் சடங்கு அங்கே கூறப்படுகிறது. உரிமையாளரான உறவினர் தமது சம்மதத்துக்கு அறிகுறியாக அந்நீரில் விரல் தோய்த்தல் வேண்டும். தோய்க்காதவரின் சொத்துரிமை கெடாது. ஒரு குழந்தை வீட்டுக்கு வரும் வேளையிலே நமது முன்னோர் பெரிதும் கவலை கொண்டது அது பசித்திருக்கிறதா என்பது பற்றியன்று. காணி யாருக்குப் போகும் என்பது பற்றியே. இன்றைக்கு மஞ்சள் நீர் இல்லை; கேள்வி மட்டும் இருக்கிறது. பிள்ளையில்லாத தம்பதியர் கோயில் கோயிலாகச் செல்கின்றனர். மருத்துவமனைகளிலே பெரும்பணம் செலவிடுகின்றனர். அடுத்த தெருவிலுள்ள இல்லத்துக்குச் சோறு கொடுக்கின்றனர். ஆனால், அங்குள்ள ஒரு பிள்ளையைத் தம் விறாந்தையில் ஓர் ஆண்டு காலம் இருத்திப் படிப்பிக்கத் தயங்குகின்றனர். சாதியை எதிர்த்து மேடையிற் பேசும் நாமும் நமது வீட்டுப் படியிலே இக்கேள்வியைச் சந்தித்தாகவேண்டும்.

ஆகவே, செய்யவேண்டியது யாது?

முதலாவதாக, பிள்ளையின் சொந்தக் குடும்பத்துக்கு உதவி. பிரிப்பதற்கு முன் மாதாந்த உதவித்தொகை, குழந்தைக் காப்பகம், குடியிருக்க ஓர் அறை. தாய்க்கு இவை கிடைத்தால் இல்லத்து வாசலுக்கு வரவேண்டிய பிள்ளைகளுட் பலர் வரவே மாட்டார்கள். இரண்டாவதாக, உறவினருக்கு உதவி. பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவும், தமக்கையின் மகனை ஏற்கும் சித்தியும் உத்தியோகபூர்வமாகப் பராமரிப்பாளர் என ஏற்கப்பட்டு அதற்குரிய கொடுப்பனவு பெறவேண்டும். மூன்றாவதாக, உறவினரும் இல்லாதபோது, தெரிவுசெய்யப்பட்டு, பயிற்றப்பட்டு, உதவித்தொகை வழங்கப்பட்டு, தவறாமற் பார்வையிடப்படும் வளர்ப்புக் குடும்பங்கள். இது சுவீகாரமன்று என்பதை மக்களுக்கு விளக்குதல் வேண்டும். வளர்ப்புக் குடும்பம் பிள்ளையின் தாயைப் பதவி நீக்குவதில்லை. அவள் நிமிரும்வரை அவளுக்குத் தோள் கொடுக்கிறது. பிள்ளை திரும்பிப் போகும் நாளில் அக்குடும்பத்துக்கும் மனம் நோகும். அந்த நோவுக்கும் துணை வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் மேசையிலே தாங்கமுடியாத அளவு கோவைகளைக் குவித்துவிட்டு இவை நடைபெறும் என்று எதிர்பார்த்தல் மடமை. நான்காவதாக, பதினெட்டு வயது நிறைந்தோர். என்னிடம் கல்வி கற்ற பெண்ணொருத்தி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வருமுன்னரே வயது நிறைந்துவிட்டதால் இல்லத்தைவிட்டு வெளியேறினாள். ஆடைத் தொழிற்சாலை விடுதியே அவளுக்கு அடுத்த முகவரி. பெறுபேறு நன்றாகவே வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எந்த முகவரியை எழுதுவது என்று கேட்க அவளுக்கு ஒரு வீடு இருக்கவில்லை. நமது வீட்டுப் பிள்ளையைப் பதினெட்டாவது பிறந்தநாளன்று பெட்டியுடன் தெருவிலே விடுவோமா?

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று வகுப்பு முழுவதற்கும் கட்டளையிடுவதை நிறுத்துவோம். இல்லத்துப் பிள்ளைகளுக்கெனத் தனி வரிசை, தனிப் பெயர், மேடையில் இரக்கப் பரிசு ஆகியவற்றை ஒழிப்போம். குடும்பம் தத்தளிக்கும் பிள்ளையின் முதல் அடையாளம் நமது இடாப்பிலே தெரிகிறது; மூன்று நாள் வரவில்லை, கொப்பி இல்லை, காலைச் சாப்பாடு இல்லை. அப்பொழுதே பேசுவோமாயின், அப்பிள்ளை இல்லத்து இடாப்பில் ஏறுவதைத் தடுக்கலாம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை உங்கள் சங்கம் ஓர் இல்லத்துக்கு உணவு கொடுக்கப் போகும்போது, எத்தனை பார்சல் என்று மட்டும் கேளாதீர்கள். இங்குள்ளோருள் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள், அவள் எங்கே இருக்கிறாள், அவள் பிள்ளையை அழைத்துச் செல்ல எவ்வளவு வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். விடை கிடைத்தால் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள், பத்திரிகைக்கு எழுதுங்கள், பணம் சேர்ப்பதானால் அந்தத் தொகையைச் சேருங்கள்.

என் மாணவனின் தாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. கூரைக்குச் சில தகரங்கள். அந்தியில் அவள் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை மகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு அரிசி. மகனுக்கும் மகளுக்கும் இரண்டு இல்லங்களிற் செலவாகும் பணத்தில் இவை அடங்கும். அதனைக் கொடுக்க இன்று ஒரு திணைக்களமும் இல்லை, ஓர் உபயகாரரும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருடைய பிறந்தநாளோ தெரியாது. அவனுக்கு மட்டும் கோழிக்கறி நிச்சயம் உண்டு.